நாடா இல்லாத பாவாடை

அம்மாவின் இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் உண்டு. சிறுவயதில் அதை அரைஞாண் கயிறு என்றே நினைத்திருந்தேன். கிணற்றடியில் அவளுக்கு முதுகு தேய்க்கப் போன ஒரு நாள்தான், அந்த இடத்தில் கயிறே இல்லை, கயிறு இருந்த தடம் மட்டும் இருக்கிறது என்று தெரிந்தது. உள்பாவாடை நாடா வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுகி, தோல் தடித்துக் கறுத்துப் பள்ளமாகியிருந்தது. இதை வாசிக்கிற பெண்களில் பலர் இந்நேரம் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். எழுதும்போது நானும் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பள்ளத்தில், இடது விலாவுக்குக் கீழே, ஒரு புண் வந்தது. மஞ்சள் வைத்தாள், தேங்காய் எண்ணெய் வைத்தாள், அதன் மேலேயே நாடாவையும் கட்டினாள். நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரி விடுமுறைக்கு நான் சாலவாக்கம் போனபோது, துவைக்கப் போட்ட பாவாடையில் இருந்த கறை காட்டிக்கொடுத்தது. மருத்துவமனையில் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அம்மா நாடாவை அதே இடத்தில்தான் கட்டினாள். புற்று இல்லை என்று வந்தது. மருத்துவர் பெண். “நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கம்மா” என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “தளர்த்திக் கட்டினா அவுந்து உழுந்துடாதா?”

மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்கு என்னிடமும் பதில் இல்லை. முனைவர் பட்டம் வாங்கிய நானும் காலையில் அதே நாடாவை மூச்சை உள்ளிழுத்துக் கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் கடைசியில் தைத்துக் கொடுத்தது ஒரு கில்ட். ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்துகிறார்களே, பின்பக்கம் மடிப்பு மடிப்பாக, அந்தப் பாவாடைதான். அதை எப்படித் தைத்தேன் என்பதையும், தைக்கத் தைக்க எனக்கு எதெல்லாம் கேள்வியானது என்பதையும் சொல்கிறேன்.

அந்தப் புண்ணைப் பற்றி மருத்துவ உலகம் எழுதியதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். 2024 நவம்பரில் ‘பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்’ என்ற இதழில், மகாராஷ்டிரத்தின் வார்தாவையும் பீகாரின் மதுபனியையும் சேர்ந்த மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு 70 வயது. அவருடைய புண் 18 மாதமாக ஆறவில்லை. இன்னொருவர் அறுபதுகளின் கடைசியில் இருந்தவர். அவருக்கு இரண்டு வருடம். இருவருக்கும் புண் புற்றாக மாறியிருந்தது. ‘பாவாடைப் புற்று’ என்று செய்தித்தாள்கள் தலைப்புப் போட்டன. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல. 1945லேயே கானோல்கரும் சூரியாபாயும் வேட்டி இறுகும் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வேட்டியும் இதில் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் வேட்டி கட்டிய ஆண் பெல்ட்டுக்குப் போனான், பிறகு பேண்ட்டுக்குப் போனான். அவன் மாறியதால் குடும்ப மானம் போய்விட்டதாக எந்த ஊரும் கூட்டம் போடவில்லை. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளியில் 2018இல் கூட்டம் போட்டார்கள். பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம், போட்டவளைக் காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு. நம் பெண்கள் இடுப்பில் எதுவும் இறுக்காத ஓர் உடையைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்தது அநேகமாக நைட்டி ஒன்றுதான். அதற்கும் மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டால்தான் வாசலுக்கு வர முடிகிறது.

அம்மா நைட்டி போடமாட்டாள். அவள் தையல்காரி, அதிலும் உள்பாவாடை தைக்கிறவள். எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் ஆறு துண்டு வைத்துத் தைக்கிற பாவாடை வேண்டுமென்றால் அவளிடம்தான் துணி வரும். ஒரு பாவாடைக்கு இரண்டு ரூபாய் கூலியில் தொடங்கியவள். நான் படித்தது அந்தக் காசில். தைத்து முடித்த பாவாடைகளுக்கு நாடா கோப்பது என் வேலை. நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி, இடுப்பு மடிப்புக்குள் விட்டு, துணிக்கு மேலாகவே தள்ளித் தள்ளி மறுவாசலில் வெளியே எடுக்க வேண்டும். அப்படி எத்தனை இடுப்புக்குக் கயிறு கோத்திருப்பேன் என்று மருத்துவமனை வராந்தாவில் அந்த ஒன்பது நாட்களில் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

தமிழில் ‘தையல்’ என்றால் பெண். அழகு என்ற பொருளிலிருந்து பெண்ணுக்கு வந்த சொல் அது. ஊசியும் நூலும் கொண்டு செய்வதும் தையல்தான். பெண் பேச்சைக் கேட்காதே என்று பொருள்படும் ஆத்திசூடி அடியிலும் பெண்ணைக் குறிக்க வந்திருக்கும் சொல் இதுவே. அதை எழுதியவராகச் சொல்லப்படுபவர் ஔவை என்பதை வைத்து ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு மாணவியாவது என்னை மடக்குவாள். நான் என் பங்குக்கு நன்னூலை எடுத்துக் காட்டுவேன். பவணந்தி நூல் எப்படி உருவாகிறது என்பதற்கு நூற்பையே உவமையாக்குகிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு கதிர். நூற்கிறவர் யார்? புலவன். அவனுக்கு உவமை ஒரு பெண். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நூற்றுக்கொண்டிருந்தவள் பெண் என்பதால் உவமைக்கு அவள் தேவைப்பட்டாள். நூல் எழுத அவள் தேவைப்படவில்லை. இன்னும் பின்னால் போனால் நற்றிணையில், ஆண் துணையற்ற பெண்கள் தங்கள் உழைப்பில் நூற்ற நுண்ணிய நூல் வருகிறது. அது மலையில் தவழும் மேகத்துக்கு உவமை. உரைகாரர்கள் அந்த மேகத்தின் அழகைப் பேசுகிறார்கள். துணையற்றவள் ஏன் நூற்க வேண்டியிருந்தது, கூலி என்ன கிடைத்தது என்று நின்று கேட்பவர்கள் குறைவு.

துணையற்றவளுக்கு நூல், இப்போது மெஷின். கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் அரசு இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. அத்திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயர். அமைச்சராக இருந்தவர், ‘அன்னை’ என்ற இதழை நடத்தியவர். திட்டத்தைக் குறைசொல்ல நான் யார்? அந்த மெஷினால் பிழைத்த வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் நம் சினிமாவில் ஒரு பெண் தையல் மெஷினை மிதிக்கிறாள் என்றால் அவளுக்குப் புருஷன் இல்லை, அல்லது இருந்தும் இல்லை என்று கொட்டகையில் எல்லோருக்கும் புரிந்துவிடும். அவள் என்ன தைக்கிறாள் என்று கேமரா காட்டியதாக எனக்கு நினைவில்லை. கண்ணீர் விழுவதற்குத்தான் துணி.

காந்தியும் இதில் வருகிறார். 1924இல் ஜி. ராமச்சந்திரன் (பிற்காலத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்) அவரிடம், எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்கிறார். சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குத் தருகிறார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைக் கண்ட சிங்கர், அவள்மேல் வைத்த அன்பினால் அதைச் செய்தாராம். உண்மையில் ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை வாங்கியது வியாபாரத்துக்காக. அவருக்கு ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. அவருக்கு முன்பே, 1846இல், எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். காந்தி சொன்னதில் தகவல் பிழை இருப்பது எனக்குப் பெரிதில்லை. பெண்ணின் வேலை எளிதாக வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஆணின் அன்பு காரணமாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு பெரிய மனிதருக்கும் தோன்றியிருப்பதுதான் உறுத்துகிறது.

இனி கில்ட். எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறைத் தோழி ஒருத்தி, மரபு என்று நாம் நம்புவதெல்லாம் எவ்வளவு பழையது என்று ஒரு பாடம் எடுப்பாள். ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் தொகுத்து 1983இல் வந்த நூலில் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதிய கட்டுரையை அதற்கு வைத்திருந்தாள். ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் முன்பு நீண்ட கம்பளித் துணி ஒன்றை உடம்பைச் சுற்றி மடித்து, இடுப்பில் பெல்ட் போட்டு, மிச்சத்தைத் தோளில் வீசிக்கொள்வார்கள். கிட்டத்தட்ட நம் புடவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லங்காஷையரிலிருந்து அங்கே இரும்பு உருக்கப் போன தாமஸ் ராலின்சன் என்ற குவேக்கர் முதலாளிக்கு, மரம் வெட்டவும் உலையில் நிற்கவும் இந்த உடை தோதுப்படாது என்று பட்டது. ஒரு ராணுவத் தையல்காரரை வரவழைத்தார். அவர் மேல்பாதியை வெட்டித் தனியாக்கி, கீழ்ப்பாதியின் மடிப்புகளை நிரந்தரமாகத் தைத்துக் கொடுத்தார். அதுதான் இன்றைய கில்ட் என்கிறார் ட்ரெவர்-ரோப்பர். குட்டையாகக் கட்டும் வழக்கம் முன்பே இருந்தது என்று அவரை மறுக்கும் ஸ்காட்லாந்து ஆய்வாளர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. என்னை நிறுத்தியது ஒரே ஒரு விவரம். வேலைக்கு இடைஞ்சல் என்று ஆணின் கொசுவத்தைத் தைத்தே கொடுத்துவிட்டார்கள். பிறகு அதற்குத் தேசிய உடை என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நம் பக்கம் பாருங்கள். ஒரு பெண் கொசுவம் தைத்த ‘ரெடிமேட் புடவை’ வாங்கினால் அவள் சோம்பேறி, புடவை கட்டத் தெரியாதவள், நாகரிகக்காரி. சென்னையில் புடவைக்கு முன்னதாகவே கொசுவம் மடித்து இஸ்திரி போட்டுத் தருவது இப்போது ஒரு தொழில். அதற்குக் கொடுக்கும் பெண்களும் அதை ரகசியமாகவே வைத்திருக்கிறார்கள். முழுக் கில்ட்டுக்கு எட்டு கஜம் வரை துணி போகும். நம் புடவை ஆறு கஜம். அவன் எட்டு கஜத்தை ஒரே ஒருமுறை மடித்துத் தைத்துவிட்டு ஆயுள் முழுக்கக் கொக்கி மாட்டுகிறான். நாம் ஆறு கஜத்தைத் தினமும் காலை ஏழரை மணிக்கு, அடுப்பில் குக்கர் விசில் அடிக்க, புதிதாக மடிக்கிறோம்.

1822இல் ஆங்கில மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்குக் கில்ட் அணிந்து போனார். ஒரு காலத்தில் சட்டம் போட்டு (1746 முதல் 1782 வரை) தடைசெய்யப்பட்டிருந்த உடை அது. அரசனே போட்டதும் எல்லாப் பிரபுக்களும் போட்டார்கள். அதே 1822இல் திருவிதாங்கூரின் கல்குளம் பகுதியில் தோள்சீலை அணிந்த நாடார் பெண்களைச் சந்தையில் மறித்து, மேல்துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கிறித்தவரானவர்களுக்குக் குப்பாயம் என்கிற தைத்த சட்டையை அரசு முன்பே அனுமதித்திருந்தது. மறுத்தது தோளில் போடும் தைக்காத துணியை. தைத்தால் கீழ், சுற்றினால் மேல் என்று ஒரு கணக்கு. 1859 ஜூலை 26இல் வந்த பிரகடனம் மார்பை மூடிக்கொள்ள அனுமதித்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்று நிபந்தனை போட்டது. உடம்பு மறைந்ததா என்பது ஒருபோதும் பிரச்சினையாக இருக்கவில்லை. எப்படிச் சுற்றுகிறாள் என்பதே பிரச்சினை. சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் பேருந்தில் போகிற தூரம்தான். பராந்தகச் சோழன் காலத்தில், சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சுவரில் வெட்டி வைத்த ஊர் அது. பெண் எதைச் சுற்ற வேண்டும் என்பதைக் கல்லில் வெட்ட யாருக்கும் தேவை வரவில்லை. வெட்டாமலே நடக்கிறது.

தோழி காட்டிய படத்தில் என் கண் நின்றது மடிப்பில் இல்லை, இடுப்பில். நாடா கிடையாது. அகலமான பட்டை ஒன்று, பக்கவாட்டில் தோல் வார், கொக்கி. பாரம் ஒரு கோட்டில் இறங்காமல் பட்டை முழுக்கப் பரவும். சாப்பிட்டபின் ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். அவிழ்ந்தும் விழாது. அம்மா மருத்துவரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் படத்தில் இருந்தது. அன்றே முடிவு செய்தேன்.

துணிதான் சிக்கல். கில்ட் கனமான கம்பளித் துணி, குளிர் நாட்டுக்கானது. மே மாதச் சாலவாக்கத்தில், கல் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவில், கம்பளியைப் பற்றி நினைக்கவே முடியாது. அப்பா இறந்தபின் பீரோவில் இரண்டு லுங்கிகள் மூட்டாமலே இருந்தன, ஒரே மாதிரி நீலமும் பச்சையும் கலந்த கட்டம். அம்மா அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை, எடுத்துக் கட்டிக்கொள்ளவும் வழியில்லை. “இதைத் தைக்கட்டுமா?” என்றேன். சற்று நேரம் கழித்து, “பூச்சி அரிக்கறதுக்கு அது மேல்” என்றாள். (குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் நெய்கிற இந்தக் கட்டம் நம் படங்களில் ரவுடியின் சீருடை. இதே வகைப் பருத்தி 1950களின் கடைசியில் அமெரிக்கா போய், சாயம் போகிறதென்று வழக்கு வருமோ என்ற அளவுக்குப் போய், சாயம் போவதே அதன் சிறப்பு என்று விளம்பரம் செய்யப்பட்டு, வசதியான பையன்களின் சட்டையானது. அங்கே அதன் பெயரே ‘மெட்ராஸ்’.)

கணக்கைச் சொல்கிறேன், யாராவது தைத்துப் பார்க்க விரும்பினால் உதவும். இரண்டு லுங்கிகளையும் நீளவாக்கில் இணைத்தால் நான்கு மீட்டர், அதாவது 157 அங்குலம். அம்மாவின் இடுப்பு 35, அதற்குக் கீழே பெருத்த இடத்தில் 40. கில்ட்டுக்கு முன்பக்கம் மடிப்பு வராது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டைப் பரப்புகள் வரும், தலா 20 அங்குலம். மிச்சமுள்ள 20 அங்குலப் பின்பக்கம் முழுக்க மடிப்பு. லுங்கியின் கட்டம் இரண்டே முக்கால் அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தது. இரண்டு கட்டத்துக்கு ஒரு மடிப்பு வைத்தால் ஐந்தரை அங்குலம் செலவு. வெளியே தெரிவது ஒரு அங்குலம், உள்ளே ஒளிவது நாலரை. இருபது மடிப்புக்கு 110. முன்பக்கத்துக்கு 40. மீதி ஏழு அங்குலம் இணைப்புக்கும் ஓர மடிப்புக்கும். இப்படி மடித்தால் பின்பக்கத்திலும் கட்டம் உடையாமல் தொடர்கிறது. இணைத்த தையலை ஒரு மடிப்புக்குள் ஒளித்துவிட்டேன்.

இடுப்பில் குறைய வேண்டியது ஐந்து அங்குலம். பாதியை முன்பரப்புகளின் பக்கவாட்டில் சாய்த்து வெட்டிச் சரிக்கட்டலாம். பின்பக்கத்தின் இரண்டரை அங்குலத்தை மடிப்புகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தையல்காரர்களும் தச்சர்களும் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். இரண்டரை அங்குலம் என்றால் இருபது நூல். இருபது மடிப்பு, மடிப்புக்கு ஒரு நூல். நூல் என்ற சொல்லுக்கு இந்தப் பொருளையும் சேர்த்துப் பாடம் நடத்த எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

இதை நான் தாளில் கால் மணிநேரம் போட்டேன். அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, பெருவிரல் நகத்தால் துணியில் நேராக மடித்துக் காட்டினாள். அளவு சரியாக இருந்தது.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. கில்ட்டின் அடியோரத்தில் மடித்துத் தைப்பதில்லை. துணியின் நெய்த கரையே அடியில் வரும்படி வைப்பார்கள், அப்போதுதான் மடிப்பு தடிக்காமல் விழும். லுங்கியிலும் கரை நீளவாக்கில்தான் ஓடுகிறது. அப்படியே வைத்தேன். அம்மாவுக்குக் கணுக்கால் வரை வேண்டும், 36 அங்குலம். லுங்கியின் அகலத்தில் மேலே மிஞ்சிய துண்டில் இடுப்புப் பட்டையும் ஒரு பையும் கிடைத்தன. கம்பளியென்றால் இடுப்புப் பகுதியில் உள்மடிப்புகளை வெட்டி எடுத்துத் தடிமனைக் குறைப்பார்கள். லுங்கித் துணிக்கு அது வேண்டியதில்லை. மேலிருந்து ஏழு அங்குலம் வரை ஒவ்வொரு மடிப்பையும் மூடித் தைத்து, கீழே விட்டுவிட வேண்டும்.

முதல் முறை தோற்றது. அம்மா கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஏரிப் பக்கமிருந்து வந்த ஒரே காற்றில் அத்தனை மடிப்பும் விசிறியாக விரிந்துவிட்டது. கம்பளி தன் கனத்தால் மடிப்பைப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய பருத்திக்கு அந்த நினைவாற்றல் கிடையாது. நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா மொத்தத்தையும் பிரித்தாள். முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு மடிப்பின் உள்முனையிலும் மேலிருந்து கீழ்வரை மெஷினில் ஒரு தையல் ஓட்டினாள். உள்ளே இருப்பதால் தெரியாது. ஆனால் துணி இனி அந்தக் கோட்டில்தான் மடியும். சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கலந்து முக்கி, நிழலில் உலர்த்தி, மடிப்பை அடுக்கி இஸ்திரி போட்டாள். மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் நான் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தேன்.

கொக்கிக்கு நான் கடைகடையாக அலையத் திட்டமிட்டிருந்தேன். அம்மா பரணிலிருந்து அப்பாவின் பச்சை பெல்ட்டை எடுத்துப் போட்டாள். லுங்கிமேல் கட்டுகிற, நாலு விரல் அகலமான, காசு வைக்கப் பை வைத்த பெல்ட். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் கட்டியதுதான். ஸ்காட்லாந்துக்காரன் கில்ட்டுக்கு முன்னால் தொங்கவிடும் தோல்பையைப் பார்த்து அதிசயித்தவள் நான். அப்பாவின் இடுப்பில் அதே ஏற்பாடு நாற்பது வருடம் இருந்திருக்கிறது. அகலப் பட்டை, கொக்கி, பை. அதே வீட்டில் அம்மா ஒரு சுருக்குப் பையை நாடாவில் செருகிக்கொண்டிருந்தாள். இதைப் பார்க்க நான் எடின்பரோ வரை போய்வர வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை கட்டியபோது அம்மா கைகளைப் பின்னால் கொண்டுபோய் மடிப்புகளைத் தடவினாள். “எங்கம்மா கட்டற மாதிரி கீது” என்றாள். ஆயா பின்கொசுவம் கட்டியவள். நடவுக்கும் களைக்கும் போனவள். முன்னால் தட்டையாக, கொசுவம் முழுக்கப் பின்னால். உள்பாவாடை என்ற ஒன்று அவளுக்குத் தெரியாது. புடவைக்குள் பாவாடையும் ரவிக்கையும் போடும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பியவர் தாகூர் வீட்டு மருமகள் ஞானதானந்தினி தேவி என்பார்கள். பெண்கள் வெளியே வருவதற்கான உடையாக அவர் அதை யோசித்தார். அது சாலவாக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது, பள்ளிக்கூடம் போன முதல் பெண்ணான என் அம்மாவின் இடுப்பில் நாடாவாக வந்து சேர்ந்தது. முன்கொசுவம் வைத்தால் மரியாதை, பின்கொசுவம் என்றால் கூலிக்காரி. தாயின் கொசுவத்தை மகள் முன்னால் கொண்டுவந்த கதைக்குள் ஒரு சாதிக் கதையும் இருக்கிறது. அதை அம்மா சொல்ல விரும்பியதில்லை. நானும் அவள் பெயரால் சொல்லப்போவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கவிதை எழுதத் தோன்றியது, எழுதியும்விட்டேன். ஆயாவின் சுதந்திரமான இடுப்பு, அம்மாவின் கட்டுண்ட இடுப்பு என்று. அதை வெளியிடவில்லை. காரணம் அந்த மருத்துவ அறிக்கை. இரண்டு பெண்களில் அறுபதுகளில் இருந்தவர் உள்பாவாடை அணிந்தவரே இல்லை. லுக்டா என்கிற புடவையை நேராக இடுப்பில் இறுக்கி முடிச்சிட்டு நாற்பது வருடம் கட்டியவர். என் ஆயாவின் இடுப்பை நான் பார்த்ததில்லை. அவளுக்கும் அங்கே ஒரு வளையம் இருந்திருக்கலாம். பழையதில் விடுதலை இருந்தது என்று சொல்ல நமக்கு, குறிப்பாகச் சங்க இலக்கியம் படித்த எங்களுக்கு, கொள்ளை ஆசை. இறுக்கினால் எதுவும் அறுக்கும்.

கில்ட்டை அம்மா வீட்டில் எட்டு மாதம் கட்டினாள். அரிவாள்மணையில் உட்கார்ந்தாலும் முன்பரப்பு விலகவில்லை, ஒன்றுக்குள் ஒன்று முழு அகலத்துக்கு இருப்பதால். புண் ஆறியது. வளையம் ஆறவில்லை, அது இனி ஆறாது. உத்திரமேரூரில் ஒரு கல்யாணத்துக்குப் புடவைக்குள் பாவாடைக்குப் பதிலாக அதையே கட்டிக்கொண்டு போனாள். பின்னால் ஐந்தாறு அடுக்குத் துணி. “இன்னாக்கா, இடுப்பு பெருத்துப்போச்சே” என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அடுத்த விசேஷத்துக்கு நாடா வைத்த பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு போனாள். நான் கோபப்பட்டேன். மேடையில் பேசுகிற அத்தனையும் பேசினேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“மடிப்பெல்லாம் நீ ஆசைப்பட்டு வச்சது. எனக்கு எதுக்குடி அது? அந்தப் பட்டையும் கொக்கியும் போதும். ஆறு துண்டு பாவாடையில அதை வச்சுத் தெச்சுக் குடு.”

இருபது மடிப்பையும் நான்தான் விரும்பியிருந்தேன். போன வாரம் காடாத் துணியும் பக்ரமும் வாங்கிப் போனேன். அம்மா மூன்று அங்குலப் பட்டை வெட்டி வைத்திருக்கிறாள். கொக்கிக்கு இரண்டு துளை போதுமா, மூன்று வேண்டுமா என்று இன்னும் முடிவாகவில்லை. அப்பாவின் பெல்ட்டில் இரண்டு கொக்கிகள்தான் இருந்தன, அவை கில்ட்டில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அத்தை தனக்கும் ஒன்று வேண்டும் என்று துணி கொடுத்திருக்கிறாள். புது கொக்கிக்கு நாளைக்கு உத்திரமேரூர் போக வேண்டும்.